நெகிழாத பிடி

1789-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், பூட்டுத் தொழிலில் பெரும்புகழ் ஈட்டியிருந்த ஜோசப் பிராமா என்பவருடைய பட்டறைக்கு, உல்விச் ஆயுதசாலையில் கொல்லுவேலை பழகிய பதினெட்டு வயது வாலிபன் ஒருவன் வேலை கேட்டு வந்து நின்றான். ஏழாண்டுக் காலம் ஓர் ஆசானிடம் முறைப்படி இருந்து தொழில் பயின்றவனையன்றி வேறொருவனைத் தங்களோடு சமமாக நிறுத்திக்கொள்ள அக்காலத்துத் தொழிலாளர் சம்மதிப்பதில்லை; இந்த வாலிபனுக்கோ அந்த யோக்கியதை இல்லை. பிராமா தயங்குவதைக் கண்ட அவன், தாடை தேய்ந்து பல் மழுங்கி ஒருவருக்கும் உதவாத நிலையில் அந்தப் பட்டறையிலேயே இருந்த, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றைச் சுட்டிக்காட்டி, அன்று மாலை ஆறு மணிக்குள் அதைப் புதிது போலச் செய்துகொடுத்தால் தன்னைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். அனுமதி கிடைத்தது. தாடைகளுக்குப் புதிய எஃகு பதித்து, அரத்தால் முகத்தைச் சமன் செய்து, பற்களைக் கொத்தி, காய்ச்சித் தோய்த்து உரமேற்றி, குறித்த நேரத்துக்கு முன்பே அவன் வேலையை முடித்துவிட்டான் என்றும், அதன்பின் அவனுடைய வயதைப் பற்றியோ பயிற்சியைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றும் அவனது வரலாறு கூறுகிறது. துல்லியமான திருகுகளை வெட்டும் கடைசல் யந்திரத்தைப் பிற்காலத்தில் உருவாக்கி, யந்திர நிர்மாணக் கலைக்கே அடிகோலிய ஹென்றி மாட்ஸ்லே அந்த வாலிபன்தான்.

ஒரு பட்டறையில் பரீட்சைக்கு உரிய பொருள்கள் எத்தனையோ இருக்க, அவன் வைஸைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக நடந்ததென்று நான் கருதவில்லை. அரமோ, ரம்பமோ, உளியோ எவ்வளவு உயர்ந்ததாயினும், அது வேலை செய்ய வேண்டிய பொருள் அசையாமல் நின்றாலன்றி அதன் உயர்வு வெளிப்பட வழியில்லை. இக்காலத்தில் வீட்டிலேயே ஒரு சிறு பட்டறை அமைத்துக்கொள்ள விரும்பும் அன்பர்களோ, மின்சாரத் துளைக்கருவிக்கும் அறுப்புக்கருவிக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, கையில் மிஞ்சிய சில்லறைக்கு ஏற்ற வைஸ் ஒன்றைக் கடைசியில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வைஸே இல்லாமல் காலந்தள்ளுகிறவர்களும் உண்டு. குழாயை வாசற்படியின்மேல் வைத்து ஒரு காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், செய்தும் இருக்கிறோம். லோட்டஸ் எலான் என்ற அழகிய காரை வடிவமைத்த ரான் ஹிக்மன் என்ற பெரிய நிபுணரே, வீட்டில் நாற்காலியைப் பணிமேடையாக வைத்து மரம் அறுக்கப் போய், மரத்தோடு நாற்காலியையும் அறுத்துவிட்டார். இரு பலகைகளைத் திருகுகளால் நெருக்கிப் பிடிக்கும் வொர்க்மேட் என்ற மடக்குமேஜை அந்த நஷ்டத்தில் பிறந்ததே.

நம் வீட்டு அரிவாள்மணையை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அங்கே கருவியை நிலைநிறுத்திவிட்டு, காயை இரு கைகளாலும் நகர்த்துகிறோம். வைஸ் இந்த ஏற்பாட்டின் மறுதலை: பொருளை நிலைநிறுத்திவிட்டு, கருவியை இரு கைகளாலும் நகர்த்துவதற்கான உபாயம் அது. மணையின்மேல் ஒரு காலை வைத்து அழுத்தியிராவிட்டால் அரிவாள் ஆடும். ஆடினால் காய் கோணலாக நறுக்குப்படும், விரலுக்கும் ஆபத்து. வைஸின் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இது எவ்வளவு ஆடும்?

கடையில் வாங்கப் போகிறவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் வேறாக இருக்கிறது. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்றுதான் அவர் கேட்கிறார். இறுக்கத்தைப் பற்றிய இந்தக் கவலை அநாவசியமானது என்பதைச் சிறு கணக்கொன்றினால் காட்டலாம்.

வைஸின் உயிர் அதன் திருகிலே இருக்கிறது. திருகு என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறிச் செல்லும் சாய்தளம். மலைமேல் நேரே ஏற இயலாத பாரத்தைச் சுற்றுப்பாதையில் சிறிது சிறிதாக ஏற்றிவிடுவது போல, நம் கையின் நீண்ட சுழற்சியைத் தாடையின் மிகக் குறுகிய நகர்ச்சியாக மாற்றி, தூரத்தில் இழந்ததை விசையில் அது ஈட்டிக் கொடுக்கிறது. ஒரு சாதாரண வைஸில் கைப்பிடியை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் தாடை 6 மில்லிமீட்டர் நகர்வதாகவும், திருகின் நடுவிலிருந்து கைப்பிடியின் நுனி 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்நுனி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 1,570 மில்லிமீட்டர். அதாவது தாடை நகரும் தூரத்தைப்போல் சுமார் 262 மடங்கு. கையால் 20 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுத்தால், உராய்வே இல்லாத கற்பனை உலகில், தாடை 5,200 கிலோவுக்கு மேல் அழுத்தும். நிஜ உலகில், திருகின் புரிகளிலும், கைப்பிடித் தலை தாடையில் உரசும் இடத்திலுமாகச் சேர்ந்து முக்கால் பங்கு உராய்வுக்கே காணிக்கையாகிவிடுகிறது. எஞ்சுவது சுமார் 1,300 கிலோ. ஓர் அம்பாஸடர் காரைத் தூக்கி அந்தச் சிறு இரும்புத்துண்டின்மேல் வைத்தாலும் அதற்கு இதைவிடக் கூடுதலான அழுத்தம் நேராது.

முக்கால் பங்கு வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த உராய்வு இல்லாவிட்டால் கைப்பிடியை விட்ட மாத்திரத்தில் திருகு தானே பின்னோக்கிச் சுழன்று பொருளைக் கீழே போட்டுவிடும். 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள திருகில் 6 மில்லிமீட்டர் ஏறும் புரியின் சாய்வு ஐந்து பாகை அளவே. இலேசாக எண்ணெயிட்ட இரும்பின்மேல் இரும்பு வழுக்கத் தொடங்குவதற்கோ எட்டு அல்லது ஒன்பது பாகைச் சாய்வு வேண்டும். ஆகவே எவ்வளவு பெரிய அழுத்தம் வந்தாலும் திருகு பின்வாங்குவதில்லை. தனக்குக் கொடுத்த உழைப்பில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் திருகுதான் தன் பிடியை விடாது என்பது யந்திர சாஸ்திரத்தில் நிரூபிக்கப்பட்ட ஒரு விதி. திறமைக்குறைவையே குணமாகக் கொண்டு பிழைக்கும் கருவிகள் உலகில் அதிகமில்லை.

இனி, 1,300 கிலோ அழுத்தத்தில் இரு தாடைகளுக்கிடையே சிக்கிய துண்டை நழுவச் செய்ய எவ்வளவு விசை வேண்டும்? உராய்வுக் குணகம் ஐந்தில் ஒரு பங்கு என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், இரண்டு முகங்களிலும் சேர்த்து 500 கிலோவுக்கு மேல் வேண்டும். வலுவான மனிதன் ஒருவன் அரத்தைத் தள்ளும் விசை பத்துப் பதினைந்து கிலோவைத் தாண்டுவது அபூர்வம். தேவைக்கு முப்பது மடங்கு மேலான இறுக்கத்தை மலிவான வைஸ்கூட நமக்குக் கொடுத்துவிடுகிறது. அப்படியானால் நல்ல வைஸுக்கும் மட்டமான வைஸுக்கும் விலையில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு வித்தியாசம் எதனால் ஏற்படுகிறது? நெகிழ்ச்சியினால்.

அரத்தை நாம் முன்னே தள்ளும்போது, அதே விசையுடன் பொருளும் அதைத் தாங்கும் வைஸும் முன்னே தள்ளப்படுகின்றன. வைஸ் ஒரு மயிரிழை பின்வாங்கி மறுபடி முன்வந்தால், அரத்தின் பற்கள் உலோகத்தை ஒரே சீராகச் சீவாமல் விட்டுவிட்டுக் கடிக்கும்; பட்டறை முழுதும் கேட்கும் அந்தக் கிறீச்சென்ற ஓலம், பல் கடித்து விட்டு, விட்டுக் கடிப்பதன் ஓசையே. சமதளமாக வர வேண்டிய முகத்தில் அலை அலையாகத் தடம் விழும். ஹாக்ஸா ரம்பத்தின் மெல்லிய அலகு, பொருள் லேசாகத் திரும்பிக்கொடுத்ததும் சிக்கிக்கொண்டு முறியும். இவற்றையெல்லாம் தம் கைப்பழக்கக் குறைவென்று நினைத்து மனம் நொந்து, பட்டறையையே மூடிவிட்ட அன்பர்களை நான் அறிவேன். குற்றம் அவர்கள் கையில் இல்லை.

நெகிழாமையைத் தேடி மனிதன் நடந்துவந்த பாதை நீளமானது. நியூரம்பர்க் நகரத்தில் 1505-ஆம் ஆண்டளவில் மார்ட்டின் லோஃபெல்ஹோல்ஸ் தொகுத்த சித்திரச் சுவடியிலேயே, திருகினால் மரத்தை நெருக்கும் தச்சுப்பணிமேடை வரையப்பட்டிருக்கிறது. கொல்லர்கள் பயன்படுத்தியது கால்வைஸ். அதன் ஒரு கால் தரைவரை நீண்டு கல்லிலோ கட்டையிலோ ஊன்றி நிற்கும். சம்மட்டி அடியின் வேகம் பணிமேடையைத் தாக்காமல் நேரே பூமிக்குப் போய்விடும். உடைக்க முடியாத கருவி அது. ஆனால் அதன் தாடை கீழே ஒரு கீலில் மாட்டியிருப்பதனால், கதவு திறப்பதுபோல வளைவாகத் திறக்கும். தடித்த பொருளை வைத்தால் தாடையின் இரு முகங்களும் இணையாக நில்லாமல் ஒரு விளிம்பில் மட்டும் கடிக்கும். சிவக்கக் காய்ச்சிய இரும்பை வளைப்பவருக்கு இது போதும். துல்லியமாக அரம் போடுபவருக்குப் போதாது. தாடை நேர்கோட்டில் சறுக்கிச் செல்லும் இணைத்தாடை வைஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியபோது அந்தக் குறை நீங்கியது. நீங்கியபோது, சறுக்கும் தண்டுக்கும் அது நுழையும் துவாரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி என்ற புதிய தொல்லையும் கூடவே வந்தது. இன்று நாம் வாங்கப்போகும் ஒவ்வொரு வைஸிலும் நாம் விலை கொடுப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியின் சிறுமைக்கும், உலோகத்தின் தரத்துக்குமே.

உலோகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வர்ணப்பூச்சு முழுமையாக மறைத்துவிடும் விஷயம் அதுதான்.

வைஸ்களில் பெரும்பாலானவை சாம்பல் வார்ப்பிரும்பினால் ஆனவை. வார்ப்பிரும்புத் தோசைக்கல் கைதவறி விழுந்தால், வளையாமல் நெளியாமல் இரண்டாக உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரும்பினுள் கரி, கிராபைட் என்னும் உருவில், நுண்ணிய தகடுகளாகப் படிந்திருக்கிறது. ஒவ்வொரு தகட்டின் கூரிய விளிம்பும் ஏற்கெனவே போட்டுவைத்த விரிசலைப் போல வேலை செய்கிறது. அமுக்கும்போது விரிசல் மூடிக்கொள்வதால் இரும்பு வெகுவாகத் தாங்கும். இழுக்கும்போது விரிசல் வாய்பிளந்து ஓடிவிடும். இதனால் சாம்பல் வார்ப்பிரும்பின் அமுக்கத் தாங்குதிறன், இழுவைத் தாங்குதிறனைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கிறது. வைஸை இறுக்கும்போது, நடுவிலுள்ள பொருள் இரண்டு தாடைகளையும் பின்னோக்கி வளைக்கப் பார்க்கிறது. அப்போது தாடையின் அடிவாரத்தில், பொருளைப் பார்த்த பக்கம், இழுபடுகிறது. எங்கே பலவீனமோ அங்கேயே பாரம் விழுகிறது. உடைந்த வைஸ்களைப் பார்த்தால், பெரும்பாலானவை தாடையின் அடியிலோ, சறுக்குத்தண்டு உடலோடு சேரும் மூலையிலோதான் உடைந்திருக்கும்.

எனது முதல் வைஸும் அப்படியே மடிந்தது. துருப்பிடித்த மரையாணி ஒன்றைக் கழற்றும் ஆவேசத்தில், கைப்பிடியின்மேல் முழ நீளக் குழாய் ஒன்றைச் செருகி நெம்பினேன். பட்டென்று ஓர் ஓசை. நிலைத்தாடை தனியே என் காலடியில் கிடந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறமாக, சர்க்கரையை உடைத்தாற்போல் மணல்மணலாக இருந்தது. கைப்பிடியின் நீளத்தை, உடல் தாங்கும் அளவுக்குத் தக்கபடி தயாரித்தவன் நிர்ணயித்திருக்கிறான் என்பதும், அதை இரட்டிப்பாக்கினால் விசையும் இரட்டிப்பாகும் என்பதும் பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடந்தான். கோபம் வந்தால் படித்தது நினைவுக்கு வருவதில்லை.

இந்தக் குறைக்கு ஒரு பரிகாரம் 1943-இல் அமெரிக்காவில் கிடைத்தது. இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் கீத் மில்லிஸ் என்பவர் உருகிய வார்ப்பிரும்பில் சிறிதளவு மக்னீசியத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, கரி தகடுகளாகப் படியாமல் உருண்டை உருண்டையாகத் திரண்டது. உருண்டைக்குக் கூரிய விளிம்பு ஏது? விரிசல் ஓட வழியில்லாமல், வார்ப்பிரும்பு ஏறக்குறைய எஃகைப்போல வளைந்துகொடுக்கக் கற்றுக்கொண்டது. இதை எஸ்.ஜி. இரும்பு என்று நம் வார்ப்படத் தொழிலாளர் வழங்குகிறார்கள். பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் பேர்போன கோயம்புத்தூரின் வார்ப்படசாலைகளில் இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்தியத் தர நிர்ணயத்தில் எஃப்.ஜி. 200 என்று குறிக்கப்படும் சாம்பல் இரும்பு, சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவையைத் தாங்கும், நீட்சி என்பது அதற்கு அனேகமாக இல்லை, எஸ்.ஜி. 500/7 என்பதோ 500 நியூட்டன் தாங்கி, அறுபடுவதற்கு முன் நூற்றுக்கு ஏழு பங்கு நீளும். உடைவதற்கு முன்னே எச்சரிக்கை செய்யும் பண்பு அந்த ஏழு பங்கில் அடங்கியிருக்கிறது. இதற்கும் மேலே, ஜெர்மனியின் ஹாயர் வைஸ்களைப் போல எஃகை அச்சில் அடித்து உருவாக்கியவை உண்டு. பரம்பரைச் சொத்தாக விட்டுச்செல்லத் தக்கவை அவை. விலையும் அதற்கேற்பவே இருக்கும்.

உடையாமை ஒருபுறமிருக்க, நெகிழாமையிலும் உலோகம் பேசுகிறது. ஒரே வடிவத்தில், ஒரே பாரத்தில், சாம்பல் இரும்பு வளையும் அளவில் எஃகு பாதிதான் வளையும், எஸ்.ஜி. இரும்பு எஃகுக்குச் சற்றே பின்தங்கி நிற்கும். ஆயினும் உலோகத்தைவிட வடிவம் பெரியது. வளைவை எதிர்க்கும் சக்தி தடிப்பின் மும்மடிக்கேற்ப ஏறுவதால், தாடையின் அடிவாரத்தை இருமடங்கு தடிப்பாக வார்த்தால் அது எட்டு மடங்கு விறைப்பாகிறது. சாம்பல் இரும்புக்கு அதிர்வை உள்ளே விழுங்கி அடக்கும் நற்குணமும் இருப்பதால், தாராளமாக உலோகம் போட்டு வார்த்த சாம்பல் இரும்பு வைஸ், சிக்கனமாக வார்த்த உயர்ந்த ரக வைஸைவிட இனிமையாக வேலை செய்வதுண்டு. அம்மி கனமாக இல்லாவிட்டால் குழவியோடு அதுவும் நகரும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். ஒரே தாடை அகலமுள்ள இரண்டு வைஸ்கள் கடையில் இருந்தால், இரண்டையும் தூக்கிப் பாருங்கள். கனமானதன்மேல் எனக்குப் பட்சபாதம் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

கடையில் செய்யக்கூடிய பரீட்சைகள் இன்னும் சில உள. சிறு சுத்தியலால் உடலைத் தட்டினால், எஃகும் எஸ்.ஜி. இரும்பும் மணிபோல் ஒலிக்கும். சாம்பல் இரும்பு மந்தமாக முனகும். தாடையை முக்கால்வாசி திறந்துவிட்டு, நகரும் தாடையைக் கையால் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். இங்கே சிறிது ஆட்டம் இல்லாத வைஸ் கிடையாது. ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்து, காதுக்கும் கேட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு, இரு காகிதத் துண்டுகளைத் தாடைகளின் வலக்கோடியிலும் இடக்கோடியிலும் மேல்விளிம்பருகே நுழைத்து, இலேசாக மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் பிடிபட்டிருந்தால் தாடைகள் நேராக இருக்கின்றன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் மேல்விளிம்பு தொட்டும் கீழே மயிரிழை சந்து தெரிந்தும் இருந்தால் குறை சொல்லாதீர்கள். அது தெரிந்தே செய்யப்படுவது. திருகு தாழ்விலும் பொருள் உயரத்திலும் இருப்பதனால், இறுக்கும்போது தாடையின் தலை பின்னே சாயப் பார்க்கும். அந்தச் சாய்வை எதிர்பார்த்து, தலை முதலில் தொடும்படி நல்ல கம்பெனிகள் அமைக்கின்றன. கீழே தொட்டு மேலே சந்து தெரியும் வைஸ் எந்த விலைக்கும் வேண்டாதது.

நடுவே திருகு ஓடுவதனால், நீண்ட கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டுமானால் தாடையின் ஒரு கோடியில்தான் பிடிக்க முடியும். அப்போது எந்த வைஸும் கோணிக்கொள்ளும். அதே தடிப்புள்ள வேறொரு துண்டை மறுகோடியில் வைத்துவிட்டால் கோணல் தீரும்.

திருகைக் குனிந்து பாருங்கள். புரிகள் சதுரமாகவோ சரிவகமாகவோ தடித்து இருக்க வேண்டும். சாதாரண மரையாணியில் காணும் கூர்மையான முக்கோணப் புரி, அடிக்கடி திறந்து மூடும் வேலைக்கு ஏற்றதன்று, சீக்கிரம் தேய்ந்துபோகும். புரி ஓடும் மரை தனித்துண்டாக இருந்து, தேய்ந்தபின் மாற்றக்கூடியதா என்று விசாரியுங்கள். உடலோடு சேர்த்து வார்த்த மரை தேய்ந்தால் வைஸே தேய்ந்ததாகும். அரத்தூளும் மணலும் திருகின்மேல் விழாதபடி தண்டின் கூரை மூடியிருப்பதும் முக்கியம். 1941-இல் சிகாகோவில் ஹியூ வோகல் என்பவர் தொடங்கிய வில்டன் கம்பெனி, திருகு முழுவதையும் ஓர் உருளைக்குள் அடக்கிவிட்டது. துப்பாக்கிக் குண்டைப் போன்ற அந்த வடிவம் அதனால்தான் பிரசித்தமாயிற்று.

அளவைப் பற்றிய குழப்பம் வேண்டாம். வைஸின் அளவு என்று சொல்வது தாடையின் அகலத்தை. திறப்பும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும். மிதிவண்டிப் பாகம், பூட்டு, கதவுத் தாழ்ப்பாள், குழாய்த்துண்டு, தோட்டக் கத்தி என்று வீட்டில் வரும் வேலைகளுக்கு 4 அங்குலம் போதும். கனமான வேலையும் உண்டென்றால் 5. ஆறங்குலத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அதைத் தாங்கும் பணிமேடை தங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மேஜை விளிம்பில் மாட்டும் சிறு வைஸ், கடிகாரக்காரருக்கும் கம்பி பற்றவைப்பவருக்கும் நன்று. அரம் போட உதவாது. அடிப்பாகம் சுழலும் வைஸ் பார்வைக்கு வசதியாகத் தோன்றினாலும், உடலுக்கும் மேடைக்கும் நடுவே இன்னொரு மூட்டைப் புகுத்துகிறது. ஒவ்வொரு மூட்டும் நெகிழ்ச்சிக்கு ஒரு வாசல். திருப்பும் அவசியம் உண்மையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை நேரும் என்று எண்ணிப் பார்த்தபின், சுழலாத அடியே எனக்குப் போதுமென்று தீர்மானித்தேன். பதினைந்து வருஷமாக அந்த முடிவை மாற்றிக்கொள்ளக் காரணம் ஏற்படவில்லை.

மரவேலை செய்கிறவருக்கு இந்த வைஸ் எதுவும் ஏற்றதன்று. அவருக்கு வேண்டியது, மேடையின் பலகைக்குக் கீழே பதிந்து, மரப்பலகை ஒட்டிய அகன்ற தாடைகளுடன் கூடிய வேறு ஜாதி. இரண்டு வேலையும் செய்கிறவர், உலோகவைஸை ஒரு தடித்த கட்டையில் பூட்டி, வேண்டும்போது அந்தக் கட்டையை மரவைஸில் பிடித்துக்கொள்ளலாம்.

தாடை முகத்தில் திருகாணியால் பொருத்திய எஃகுத் தகடுகள் உரமேற்றப்பட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பல் வெட்டப்பட்டிருக்கும். பிடிக்க நல்லவை, பித்தளைப் பூட்டின் முகத்தைக் கடித்து அலங்கோலமாக்கவும் நல்லவை. ஆகையால் அலுமினியத் தகட்டையோ செம்புத் தகட்டையோ செங்கோணமாக மடித்து, தாடைகளுக்கு மேலுறையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கைவசம் ஒன்றுமில்லையென்றால் பழைய செருப்பின் தோல் போதும்.

வாங்கிவந்த வைஸை எங்கே, எப்படிப் பூட்டுகிறோம் என்பதில் அதன் பாதி குணம் இருக்கிறது. மெல்லிய பலகைமேல் மரத்திருகாணியால் பூட்டிய வைஸ், விலையுயர்ந்ததாயினும், மெல்லிய பலகையைப் போலவே நடந்துகொள்ளும். மேடையின் கால் ஒன்றுக்கு நேர் மேலே, பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளால், அடியில் அகன்ற வாஷர்களுடன் பூட்டுங்கள். நிலைத்தாடையின் முகம் மேடை விளிம்பைவிடச் சற்று வெளியே நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் நீண்ட கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது மேடையே குறுக்கே வரும். உயரத்துக்குப் பழைய பிட்டர்களின் கணக்கு ஒன்றுண்டு: மேடைமுன் நிமிர்ந்து நின்று, கையை மடக்கி, முஷ்டியை மோவாயின்கீழ் வைத்தால், முழங்கையின் நுனி தாடையின் மேற்பரப்பைத் தொட வேண்டும். அந்த உயரத்தில் முன்கை தரைக்கு இணையாக ஓடும். அரம் ஏறி இறங்காமல் சமதளமாகச் செல்லும். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் இதைக் கல்லூரி யந்திரவியல் புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

உளியால் வெட்டும்போது அடி நிலைத்தாடையை நோக்கியே விழ வேண்டும். நிலைத்தாடைக்கு மேடை துணை. நகரும் தாடைமேல் விழும் அடியோ திருகின் புரிகளிலும் மரையிலும் போய் இறங்கும். இறுக்குவதற்குக் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டுகிறவர்களுக்கும், என்னைப்போல் குழாய் மாட்டுகிறவர்களுக்கும், சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டேன்.

புதிதா பழையதா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம் இது. பஞ்சாபின் ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்யப்படும் வைஸ்களில் மிக நல்லவையும் மிக மட்டமானவையும் ஒரே வர்ணத்தில் வருகின்றன. மேலே சொன்ன பரீட்சைகளைச் செய்து பொறுக்கினால் நியாயமான விலைக்குத் தரமானது கிடைக்கும். பழைய இரும்புக் கடைகளில் ஷெபீல்டு நகரத்து ரெக்கார்ட் வைஸ், நீல வர்ணம் பாதி உதிர்ந்த நிலையில், சிலசமயம் கண்ணில் படும். துருவைக் கண்டு பின்வாங்காதீர்கள்; மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் போதும். தாடையின் அடியில் பற்றவைத்த தழும்பு இருந்தால் மட்டும் தொடாதீர்கள். தேய்ந்த பல்தகடு ஒரு குறையே அல்ல. மாட்ஸ்லே பதினெட்டாம் வயதில் ஒரு மாலைக்குள் சரிசெய்த குறை அதுதான்.

என் மேடைமேல் இப்போது இருப்பது 4 அங்குலம், சுழலாத அடி, எஸ்.ஜி. இரும்பு. வாரம் ஒருமுறை திருகைத் துடைத்துச் சிறிது கிரீஸ் இடுகிறேன். வேலை முடிந்ததும் தாடைகளை இறுக்கி மூடாமல் நூலளவு இடைவெளி விட்டு, கைப்பிடியை நேர் கீழாகத் தொங்கவிட்டுவிட்டு வருகிறேன். இருட்டில் வருகிறவர் தொடையில் அது இடிக்காது.